திட்டினால் கசக்கும் குடுவை

அறுபத்தாறாம் வருஷம் பம்பாய்ச் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில், கண்ணாடிக் குடுவைக்குள் வளர்ந்த நித்தியகல்யாணி திட்டினால் மட்டுமே கசந்தது. தாராவியில் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்று பெயர். ரத்தப் புற்றுக்கு மருந்து அதன் கசப்பில் இருக்கிறது என்று தெரிந்தபின், படித்தவர்கள் குடியிருந்த மாட்டுங்காவில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. மூட்டை மூட்டையாக இலையை அரைத்தாலும் ஒரு சிட்டிகைதான் தேறும். ஆகவே செடியே வேண்டாம், இலைத் துணுக்குக்குச் சர்க்கரையும் இளநீரும் ஊட்டிக் குடுவையிலேயே வளர்த்துவிடலாம் என்றார் டாக்டர் வேங்கடசுப்ரமணியன். துணுக்குகள் தலைதீபாவளி மாப்பிள்ளைகளைப் போலத் தின்று கொழுத்தன. கசப்பு மட்டும் வரவில்லை.

குடுவை கழுவிய செண்பகவல்லியின் புருஷன் பிச்சையா, தோல் பட்டறைக்காரன், அதே நோயில் கிடந்தான். குடுவைகளுக்கு இளநீர் ஊற்றுவதைப் பார்த்து ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க அத்தான் ஒரு எளநிக்கு நாக்கு வறண்டு கெடக்காவ. ஒங்களுக்குச் சீராட்டு கேக்கோ? தின்னுட்டுச் சும்மால்லா கெடக்கிய, எடுபட்ட மூதியளா."

மறுநாள் அவள் திட்டிய வரிசை மட்டும் கசந்தது. டாக்டரும் திட்டிப் பார்த்தார். அவருடைய வசவு 'அசடு' என்பதைத் தாண்டவில்லை. செண்பகவல்லிக்கு நாற்காலி போட்டார்கள்.

"நன்னாத் திட்டும்மா. முதல் புட்டி மருந்து உன் ஆத்துக்காரருக்குத்தான்."

"பொறவு பேச்சு மாறக் கூடாது, பாத்துக்கிடுங்க சார்."

மழைக்காலம் முழுக்கத் திட்டினாள். முதல் புட்டி கண்காட்சிக்குப் போனது. இரண்டாவது ஒரு பெரிய மனிதரின் மாமனாருக்கு. மூன்றாவது கப்பலேறியது. தீபாவளிக்கு முன் பிச்சையா செத்தான். அவனை எரித்த இடத்தைச் சுற்றி அந்தப் பூ கேட்பாரற்றுப் பூத்துக் கிடந்தது.

காரியம் முடிந்து அவள் திரும்பியபோது டாக்டர் இரட்டிப்பாகக் குடுவை அடுக்கியிருந்தார். துக்கம் உற்பத்திக்கு நல்லது என்று மேலிடத்தில் சொல்லியுமிருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அவற்றைப் பார்த்தாள்.

"நீங்க என்ன செய்விய, எந்தங்கம். நல்லா இருங்க, என் ராசாமாரே."

மறுநாள் எல்லாக் குடுவைகளும் இனித்தன. பிறகு யார் வைதும் கசக்கவில்லை. கம்பெனி அந்த இனிப்புச் சாற்றுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி இருமல் சிரப் என்று விற்றது. டாக்டருக்குப் பதவி உயர்ந்தது. செண்பகவல்லி பழையபடி குடுவை கழுவப் போனாள். தாதர் முதல் மான்குர்த் வரை பிள்ளைகள் கேட்டு வாங்கிக் குடித்தன. ஒருவருக்கும் இருமல் நிற்கவில்லை. ருசியாக இருந்ததால் யாரும் குறை சொல்லவுமில்லை.