நடுவில் ஒரு பெயர்

பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம், உள்ளே வைத்த கரு தங்கவில்லை, கர்ப்பம் இல்லையாம். "ரொம்ப சாரிங்க ஹேசல்," என்றாள். ஆறாவது முறையாக அதே சாரி. எனக்கு நாற்பத்தைந்து வயது. இதுதான் கடைசி என்று டாக்டரும் சொல்லிவிட்டார், நானும் என் கணவர் கிளைவும் பேசி முடித்துவிட்டோம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பத்தேகாலுக்கு வரவேண்டியவர்களை உள்ளே கூப்பிட்டேன். அழுதுவிட்டு வரட்டும் என்று அரசாங்கம் யாருக்கும் நேரம் ஒதுக்குவதில்லை.

நான் இங்கிலாந்தில், கிரிம்ஸ்பி என்ற ஊரில் பிறப்பு இறப்புப் பதிவாளர். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். பத்தொன்பது வருடமாக ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் எழுதிப் பார்த்துவிட்டேன். அந்தப் பழமொழியைச் சொன்னவன் மட்டும் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்பேன்.

என் பிள்ளைக்கான பெயர் எனக்குப் பதினான்கு வயதிலேயே முடிவாகிவிட்டது. தேவாலயத்துப் பழைய பொருள் விற்பனையில் வாங்கிய பெயர்ப் புத்தகத்தில் கிடைத்தது. ஈடித். பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர்: ஒன்று செல்வம், மற்றொன்று போர். போராடிப் பெற்ற செல்வம் என்று நானே சேர்த்துப் படித்துக்கொண்டேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன் பெயரை வெளியே விட்டால், ஒருத்தி முகம் சுளிப்பாள், இன்னொருத்தி திருடிக்கொள்வாள். என் தம்பி மனைவிக்கு மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அவளைவிட நான்தான் அதிகம் பதறினேன், பெயர் என்னவென்று தெரியும் வரை.

உள்ளே வந்தவர்கள் ஜோடி என்ற பெண்ணும் அவள் காதலன் கீரனும். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. கல்யாணம் ஆகாதவர்கள், அதனால் பதிவில் அப்பன் பெயர் ஏற வேண்டுமென்றால் அவனும் நேரில் வந்தாக வேண்டும். மீன் தொழிற்சாலையில் வேலை முடித்து நேராக வந்திருந்தான், அறைக்குள் அடித்த வாடையிலேயே தெரிந்தது. கூடையில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு நாப்பத்திரெண்டாவது நாள். சட்டப்படி இதான் கடைசி. பேரு என்ன கண்ணு?" என்றேன்.

"அதான் முடிவாகலைங்க," என்றாள் ஜோடி. "நான் வில்லோங்கறேன், இவன் ஹார்லிங்கறான். ஒன்றரை மாசமா இதே சண்டை."

"ஹார்லின்னா கெத்து, மேடம். பைக் மாதிரி."

"பைக்குக்கு ரொம்ப முந்தியே இருக்கற பேரு தம்பி. முயல் மேயிற வெட்டவெளின்னு அர்த்தம்."

"முயலாம்டா!" ஜோடிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பெரிய கெத்துதான் போ."

"வில்லோ மட்டும் என்னவாம்? அழுமூஞ்சி மரம்!"

"ஏங்க, நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்," ஜோடி என் பக்கம் திரும்பினாள். "உங்க பொண்ணுக்கு என்ன பேரு வெச்சீங்க?"

எனக்குப் பெண் உண்டென்று அவளாகவே வைத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். ஆறு முறையும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கேட்டு எனக்கு வெறுத்துப் போயிருந்தது.

"ஈடித்," என்றேன்.

முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பெயர் என் வாயைவிட்டு வெளியே வந்தது.

கீரன் பக்கென்று சிரித்துவிட்டான். "ஈடித்தா? பல்லு போன கிழவிங்க பேராச்சே அது! பள்ளிக்கூடத்துல பாவம், ஓட்டியே கொன்னுடுவானுங்க."

ஜோடி அவன் விலாவில் இடித்தாள். "டேய், அவங்க பொண்ணு பேருடா! தப்பா எடுத்துக்காதீங்க, இவனுக்கு வாய்க்குப் பூட்டே கிடையாது. பொண்ணுக்கு எத்தனை வயசு?"

"பதினொண்ணு." முதல் முறையே பலித்திருந்தால் அவ்வளவு ஆகியிருக்கும். பொய்த் தகவல் தருவது குற்றம் என்ற அறிவிப்பு என் தலைக்கு மேலேதான் தொங்குகிறது.

அவள் முகம் சிவந்துவிட்டது. என்னைச் சமாதானப்படுத்த அவசரப்பட்டாள். "அழகான பேருதாங்க. இவன் கிடக்கறான். வில்லோ ஈடித்னு போட்டுக்கறோம். முயலுக்கு மரம் தேவலைடா, பேசாம இரு."

"நடுப்பேருதானே? போட்டுக்க," என்றான் கீரன். "நடுப்பேரைச் சொல்லி யாரு கூப்பிடப் போறா!"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். விரல்கள் பழக்கத்தில் தட்டின. வில்லோ ஈடித் டவுஸ். அச்சடித்த தாளையும் பேனாவையும் நகர்த்தினேன். எங்கள் அலுவலக மை எழுதும்போது நீலமாக இருக்கும், போகப்போகக் கறுத்துவிடும், அழிக்கவே முடியாது. ஜோடி நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே நான் போட்டேன்.

கிளம்பும்போது குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. "வில்லோ, அழாதடி செல்லம்," என்று கொஞ்சியபடியே ஜோடி நடந்தாள். "வில்லோக்குட்டி," என்றான் அப்பன். கதவு மூடிய பிறகும் நடையில் கேட்டுக்கொண்டிருந்தது: வில்லோ, வில்லோ. இன்னொரு பெயரும் யார் வாயிலாவது வருமா என்று, வெட்கத்தை விட்டு, வாசல்வரை போய் நின்று கேட்டேன்.

வரவில்லை. பத்தே முக்கால் ஆட்களைக் கூப்பிட்டேன்.