நோயாளி வேஷம்

முருகேஸ்வரிக்கு நரம்பு தேடி ஊசி போடத் தெரியும். ராத்திரி முழுக்க அழுகிற நோயாளியைப் பேசித் தூங்க வைக்கவும் தெரியும். தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு இதுதான் வேலை. ஆனால் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக அது போதாது, இங்கிலீஷ் தேர்வில் பாஸாக வேண்டும்.

எழுத்தில் பாஸ், படிப்பதில் பாஸ், கேட்பதிலும் பாஸ். பேச்சில்தான் கோட்டை விட்டாள். பேச்சுத் தேர்வு என்பது ஒரு நாடகம். எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயாளியாக நடிப்பார், இவள் அவரோடு நர்ஸாக இங்கிலீஷில் பேச வேண்டும். நர்ஸே நர்ஸ் வேஷம் கட்ட வேண்டுமாம், என்ன கூத்தோ! இவளோ நோயாளியைக் கண்டதும் பழக்க தோஷத்தில் பாதியிலேயே தமிழுக்குத் தாவிவிட்டாள். அதோடு போயிற்று.

அவள் புருஷன் வேல்ராஜ் ஹார்பர் ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன். பெண்டாட்டி முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்ததும் அவன்தான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான்.

"ஏளா, நோயாளிதான வேணும்? நான் இருக்கேன்லா" என்றான்.

அவளோடு வேலை பார்த்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் இருக்கும் ஜெபசுதா, தேர்வில் கொடுக்கிற மாதிரியே, நோயாளிக்கு என்ன கோளாறு என்று எழுதிய சீட்டுகளைப் போனில் அனுப்பினாள். நோயாளியின் வசனங்களைப் பேசியும் அனுப்பினாள். வேல்ராஜ் டியூப் ஒட்டிக்கொண்டே அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தான். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, கைக்கரியைத் தேய்த்துக் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தானானால் அவன் நோயாளி. அவள் 'ஃபினிஷ்' என்று சொல்லும்வரை வீட்டில் ஒரு சொல் தமிழ் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதும் அவன்தான்.

நன்றாகத்தான் நடித்தான், பாவி. ஒருநாள் சர்க்கரை வியாதிக்காரன், ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதறுகிற தகப்பன். சீட்டில் இல்லாததையும் அவிழ்த்துவிடுவான். கால் உடைந்தவன் திடீரென்று கண் தெரியவில்லை என்பான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், அவனோ சிரிக்கமாட்டான். முடிந்த பிறகு கேட்டால், பரீட்சைக்காரன் எங்கே இழுத்தாலும் நீ பின்னாலேயே போகணும், அதுக்குத்தான் என்பான். அந்தச் சாயங்காலங்களில் அவர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

தேர்வுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம். அன்றைக்குச் சீட்டில் இருந்தது கால் புண். நடுவிலே வேல்ராஜ் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தான்.

"பெயின், நர்ஸ்" என்றான்.

நெற்றி வியர்த்திருந்தது. சித்திரை வெக்கையில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? ஆரம்பித்துவிட்டார் தன் வேலையை என்று அவள் நினைத்தாள். எப்போதிருந்து வலி என்று இங்கிலீஷில் கேட்டாள். மத்தியானத்திலிருந்து என்றான். பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டாள். எட்டு என்றான். அவள் முன்னால் சாய்ந்து, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, டாக்டர் இதோ வந்துவிடுவார், நீங்கள் தனியாக இல்லை, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றாள். ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை, திக்கவில்லை. அப்படி அவள் பேசியதே இல்லை. வேல்ராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

அவள் 'ஃபினிஷ்' என்று கைதட்டினாள். எப்படி என்று கேட்டாள்.

"ஜோரு" என்றான் வேல்ராஜ். "கொஞ்சம் தண்ணி கொண்டா."

தண்ணீரோடு அவள் திரும்பியபோது அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினாள். ஆட்டோவிலும் அமுக்கிக்கொண்டே போனாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான், டாக்டரும் தெரிந்தவர்தான். அவர் அவள் கையைப் பிடித்து, போதும் முருகேஸ்வரி என்றார்.

பதினாறாம் நாள் விசேஷ வீட்டில் வைத்து டீக்கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சி சொன்னார். அன்றைக்கு மத்தியானமே வேல்ராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோடா வாங்கிக் குடித்தானாம். வீட்டில் நர்ஸை வைத்துக்கொண்டு இங்கன எதுக்குல நிக்க, போய்ச் சொல்லு என்று இவர் விரட்டினாராம். அதற்கு அவன், அவளுக்குப் பரீட்சை நேரம் அண்ணாச்சி, முடியட்டும் என்றானாம்.

முருகேஸ்வரி துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். பத்துக்கு எட்டு என்று சொன்னாரே, வியர்வையைப் பார்த்தேனே, பார்த்துக்கொண்டு இங்கிலீஷ் பேசினேனே என்றாள். வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இனித் தேர்வும் வேண்டாம், இங்கிலாந்தும் வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஜெபசுதா போனில் அழுதாள், அண்ணன் ஆசைப்பட்டதுதானே என்றாள். மாமியார் சீனித்தாயும், எம்புள்ள ராப்பகலாப் படிச்சது வீணாப் போகக் கூடாது, போயிட்டு வா தாயி என்றாள். பழைய தேதி தாண்டிப் போயிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த தேர்வுக்குச் சென்னைக்குப் போனாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். சீட்டைப் பார்த்தாள். நெஞ்சுவலிக்காரர், வாயுப்பிடிப்பு என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பப் பார்க்கிறார், பேசி நிறுத்த வேண்டும். நர்ஸ் தேர்வில் நெஞ்சுவலி வராமல் வேறென்ன வரும்? சமாளித்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். வசனமெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

அவர் கையை நெஞ்சில் வைத்தார். கொஞ்சம் வலிதான் நர்ஸ், நான் வீட்டுக்குப் போகிறேன் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

முருகேஸ்வரி எழுந்தாள். மேஜையைச் சுற்றிப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் திடுக்கிட்டு, தயவுசெய்து உங்கள் இடத்தில் உட்காருங்கள், பேச்சு பதிவாகிக்கொண்டிருக்கிறது என்றார். அவள் காதில் விழத்தான் செய்தது. நாடகம் என்றும் தெரிந்தது. நாடி ஒழுங்காக ஓடுகிறது என்பதும் விரலுக்குத் தெரிந்தது. இருந்தும் அவள் கையை விடவில்லை.

"எங்கன வலிக்கு?" என்று கேட்டாள். "தமிழ்லயே சொல்லுங்க. நான் கேக்கேன்."