முதுகோடு முதுகு

...இன்றைக்குப் போய் அந்தக் கார் கிளம்பாமல் அடம்பிடிக்க வேண்டுமா, பாட்டரி செத்துப்போக இந்த வருடத்தில் வேறு நாளே கிடைக்கவில்லையா என்று வெர்னா மறுபடியும் நினைத்துக்கொண்டாள், மூச்சை உள்ளே இழுங்கள் என்று யோகா ஆசிரியை மரீட் சொல்லிக்கொண்டிருந்தாள், இழுத்தாள், தேவாலயத்து அடித்தளக் கூடத்தின் பழைய காபி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் சேர்ந்து உள்ளே போயின, கண்ணை மூடியிருந்தும் என்ன பயன், பக்கத்து விரிப்பில் யார் என்பதை மறக்க முடியவில்லை, அந்தச் செருமல், கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிற செருமல், அவள் கணவன் ஆர்லன், ஜீன்ஸும் கட்டம் போட்ட சட்டையுமாக, யாரோ இரவல் கொடுத்த ஊதா விரிப்பில் உலக்கையை விழுங்கியவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைத் தன் பிக்கப் டிரக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டியிலேயே காத்திருப்பதாகத்தான் பேச்சு. மரீட் சும்மா இருந்தாளா? மேலே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். "இந்தக் குளிர்ல வண்டிக்குள்ள உக்காந்திருந்தா வருஷம் பொறக்கறதுக்குள்ள உறைஞ்சு போயிடுவீங்க, உள்ள வாங்க." "எனக்கு இந்த வளையற வேலையெல்லாம் வராதும்மா, காலம் பூரா ஏரித் துறைமுகத்துல கப்பலுக்கு இரும்புத்தாது ஏத்தின முதுகு இது." "வளைய வேணாம், படுத்துக்குங்க, அது போதும்." "படுக்கறதுக்கு ஒரு வாத்தியாரா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்துவிட்டான், எல்லோரும் சிரித்தார்கள், வெர்னாவும் சிரித்தாள், ஏன் சிரித்தேன், இன்றைக்குச் சிரிக்கலாமா...

ஏனென்றால் இது வருடக் கடைசி வகுப்பு. ஒவ்வொரு டிசம்பர் முடிவிலும் மரீட் இதை நடத்துகிறாள், மெதுவாகச் சூரிய நமஸ்காரம், பிறகு உட்கார்ந்து போன வருடத்தைத் திரும்பிப் பார்ப்பது, எதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம், எதைக் கையோடு கொண்டுபோகிறோம். மற்ற வருடங்களில் கோபத்தை விடுகிறேன், இனிப்பை விடுகிறேன் என்று எதையாவது நினைத்துவைப்பாள், ஜனவரி பாதியில் இரண்டும் திரும்ப வந்துவிடும். இந்த வருடம்தான் பதில் தெளிவாக இருந்தது, ஆர்லனை விடுகிறேன். தெற்கே தொலைவில், அல்புகர்க்கி நகரத்தில் தங்கை லூசில் பின்னறையைக் காலி செய்து வைத்துவிட்டாள், வியாழக்கிழமைக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியாயிற்று, சொல்லாதது ஒருவனுக்குத்தான். நாளைக் காலை, புது வருடக் காபி முடிந்ததும் சொல்வது என்று முடிவு. அந்த வாக்கியத்தைச் செப்பனிடத்தான் இங்கே வந்தாள், நான் போறேன் ஆர்லன், இல்லை, கொஞ்ச நாளைக்குப் போறேன் ஆர்லன், அது என்ன கொஞ்ச நாளைக்கு, பொய்தானே... சொல்ல வேண்டிய ஆளே கைக்கெட்டும் தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது எப்படிச் செப்பனிடுவது?

கைகள் மேலே, குனிந்து தரையைத் தொடுங்கள். அவன் கை முழங்காலோடு நின்றுவிட்டது, எலும்பு எங்கோ சடக்கென்றது, "தரை இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவளைப் பார்த்து முணுமுணுத்தான். பேசுகிறான்! வீட்டில் பேசாதவன் இங்கே பேசுகிறான். லூசில் தொலைபேசியில் கேட்டாள், "அடிக்கிறானா?" இல்லை. "குடிக்கிறானா? வேற பொம்பளையா?" இல்லை. "அப்புறம் என்னடி உனக்கு?" என்ன சொல்வது, ஒன்றுமில்லை என்பதுதான் குறை, வசந்த காலத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து எதிரே உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஏரியையே பார்க்கிறான், எது சொன்னாலும் "ம்". ஒரு நாள் சோதித்துப் பார்க்க, "அடுப்படி தீப்பிடிச்சு எரியுது ஆர்லன்" என்றாள், "ம், நல்லது" என்றான். அன்றைக்கு முடிவெடுத்ததுதான். அல்லது அதற்கு முன்பேயா? எப்போது என்று கேட்டால் தெரியவில்லை, தண்ணீர் உறைகிற மாதிரி, எந்த நொடியில் பனிக்கட்டி ஆனது என்று யார் பார்த்தார்கள்...

"இப்ப பக்கத்துல இருக்கறவங்களோட முதுகும் முதுகும் ஒட்டற மாதிரி சாஞ்சு உக்காருங்க" என்றாள் மரீட். இதை யார் கேட்டார்கள்? வெர்னா சுற்றிப் பார்த்தாள், எல்லோருக்கும் ஜோடி கிடைத்துவிட்டது, அவளுக்கும்தான். அந்த முதுகு வந்து சாய்ந்தது. சூடாக இருந்தது. அகலமாக, இவ்வளவு அகலமா இவன், கடைசியாக எப்போது இதைத் தொட்டேன், கோடையிலா, சட்டையில் ஒட்டியிருந்த இலையை எடுத்தபோதா, அது தொடுவதில் சேருமா? அவன் மூச்சு மெதுவாக வந்தது, அவளுடையது வேகமாக, கொஞ்ச நேரத்தில் எது யாருடையது என்று குழம்பியது, அவளுக்குக் கோபம் வந்தது, இந்த உடம்பு யாரைக் கேட்டு இவனோடு சேர்ந்து மூச்சு விடுகிறது? "இந்த வருஷம் எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர் மெல்லச் சொல்லுங்க, மத்தவங்க கேட்டுக்கிட்டா போதும், பதில் சொல்லக்கூடாது. அப்புறம் மாத்திக்கலாம்."

"சொல்லியே ஆகணுமா?" என்றான் ஆர்லன் முதுகுக்குப் பின்னாலிருந்து. "உன் இஷ்டம்." வழக்கம்போல ஒன்றும் வராது என்று அவள் நினைத்த நேரத்தில், "நல்ல வருஷம்" என்றான். நிறுத்துவான் என்று நினைத்தாள், நிறுத்தவில்லை. "துறையில காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கணும் வெர்னா, கப்பல்காரன்கிட்ட, கிரேன்காரன்கிட்ட, வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள அதே சத்தம். இப்ப நீ எதிர்ல உக்காந்திருக்க, கையில காபி இருக்கு, யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கறதில்ல. இதுக்காகத்தான் இத்தனை வருஷம் ஓடினமோன்னு தோணும். உங்கிட்ட மட்டுந்தான் பேசாம இருக்க முடியுது. உனக்கும் அப்படித்தானே?" பிறகு அவனே, "ஓ, பதில் கூடாதுன்னாங்கல்ல. விடு."

அவள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நல்ல வருஷமா, எது, அந்த வருடமா, நான் மூச்சு முட்டிக்கிடந்த அதே வருடமா, ஒரே மேசை, ஒரே ஜன்னல், அதே காபி... அப்படியானால் ஒரே வீட்டில் இரண்டு வருடங்கள் நடந்திருக்கின்றன. யாருடையது நிஜம்? அவன் சந்தோஷமாக இருந்திருக்கிறான், எனக்குச் சொல்லாமல் தனியாக, திருட்டுத்தனமாக, அதற்கு அவனை அறையலாம்போல இருந்தது, அதே நேரத்தில் அந்த முதுகிலிருந்து விலகவும் மனம் வரவில்லை, இதற்குப் பெயர் என்ன, இரக்கமா, லூசில் கேட்டால் ஏமாந்துபோகாதே என்பாள், ஏமாற்றுவது யார், அவனா, இந்தச் சூடான முதுகா, நானா? நானும்தான் கேட்கவில்லை. ஒரு தடவை கூட என்ன யோசிக்கிறாய் என்று கேட்கவில்லை, தீப்பிடித்தது என்று பொய் சொன்னேன்.

"மாத்திக்கலாம்" என்றாள் மரீட். இப்போது அவள் முறை. வாக்கியம் தயாராக இருந்தது, நான் போறேன் ஆர்லன், இங்கேயே சொல்லிவிடலாம், அவனால் பதிலும் சொல்ல முடியாது, இதைவிட வசதி எப்போது வரும்? வாயைத் திறந்தாள். "எனக்கு இந்த வருஷம்..." என்றாள், "ரொம்ப அமைதியா இருந்துச்சு." உண்மையைத்தான் சொன்னாள், குற்றச்சாட்டாகத்தான் சொன்னாள், அவள் காதுக்கே அது வேறு மாதிரி கேட்டது. அவன் தலை பின்னால் சாய்ந்து அவள் தலையை மெல்ல முட்டியது, ஆமோதிக்கிறான், சந்தோஷப்படுகிறான். "ம்" என்றான்.

பிறகு எல்லோரும் படுத்தார்கள், மரீட் விளக்கைக் குறைத்துக் கம்பளி போர்த்தினாள், விடவேண்டியதை விடுங்கள் என்றாள், வெர்னா தேடினாள், காலையில் அவ்வளவு தெளிவாக இருந்தது இப்போது கைக்கு அகப்படவில்லை. பக்கத்தில் ஆர்லன் குறட்டை விட ஆரம்பித்தான்.

வெளியே வந்தபோது ஏரிப் பக்கமிருந்து காற்று முகத்தை அறுத்தது. பிக்கப் ஒரு உறுமலில் கிளம்பியது. அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வியாழக்கிழமையும் இது உண்டா?" என்று கேட்டான். "உண்டு" என்றாள். வகுப்பு உண்டுதான், அதில் பொய்யில்லை. அவன் தலையசைத்தான், வண்டி திரும்பியது, ஆனால் அந்த "உண்டு" வாயிலிருந்து போன பிறகும் அவளுக்குள் அடங்கவில்லை, வகுப்பைப் பற்றி மட்டும்தான் சொன்னேனா... வியாழக்கிழமை லூசிலின் பின்னறையில் அல்லவா நான் இருக்க வேண்டும்?