சக்கரத்தை நிறுத்தாதவர்

அந்த ஃப்ளெக்ஸைக் கிழித்தது நான்தான். எவனோ குடிகாரன் கிழித்துவிட்டான், போலீசில் சொல்லப்போகிறேன் என்று நெல்சன் தெருத்தெருவாய்ப் புலம்பிக்கொண்டிருந்தான். மீன் வெட்டிக்கொண்டிருந்த கையைக்கூடக் கழுவாமல் போய் அவன் முன்னால் நின்றேன்.

"நான்தான்டா கிய்ச்சேன். இன்னா பண்ணுவ?"

நெல்சன் எங்கள் சைக்கிள் கிளப்புக்குச் செயலாளர். என் வீட்டுக்காரர் துரைக்குத் தம்பி மாதிரி. வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"இன்னா அண்ணி நீ, அண்ணனப் பெருமைப்படுத்தத்தான அடிச்சோம்?"

"எம் பொண்ணு செத்தது உனுக்குப் பெருமையா? அதையும் கப்பு வாங்குன கணக்குல சேத்துட்டியா? அடுத்த ஃப்ளெக்ஸு கட்டிப் பாரு, உன்னயும் சேத்துக் கிய்க்கிறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் மறுநாளே அதே இடத்தில் அதே ஃப்ளெக்ஸ் புதிதாய்க் கட்டியிருந்தது. ராயபுரம் அலையரசன் சைக்கிள் கலைக் கழகம், ஐம்பதாம் ஆண்டு பொன்விழா. கீழே கிளப்பின் சாதனைகள் எல்லாம் வரிசையாக. கடைசியில், 'பெற்ற மகள் விழுந்தபோதும் சக்கரத்தை நிறுத்தாமல் ஐந்து உயிர்களைக் காத்த துரை அவர்களுக்குப் பாராட்டு.' பக்கத்தில் அவர் படம் பெரிதாய். மூலையில் என் சௌமியா, தபால்தலை அளவுக்கு.

சாதனை இல்லாத கிளப் என்று நான் சொல்லவில்லை. கல்மண்டபம் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சௌக்கத் அலி பாய் ஆரம்பித்தது. இளவயசில் ஏதோ சர்க்கஸ் கம்பெனியில் இருந்துவிட்டு வந்த மனுஷன். அந்தக் காலத்தில் மைதானத்தில் ராத்திரி பகலாய் இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார்கள், நெஞ்சில் டியூப்லைட்டை உடைத்துக்கொள்வார்கள், ஜனம் துண்டில் காசு போடும். பாய் அதெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டார். உடம்பைக் கெடுத்துக்கொள்வதற்குப் பெயர் கலையா என்று கேட்பாராம். மீன்பிடிக் குப்பத்துப் பையன்களையும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பையன்களையும் சேர்த்துவைத்து, ஹேண்டில்பார் மேல் நிற்கவும், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வட்டம் போடவும், பின்பக்கமாய் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். கல்கத்தாவுக்குப் போய் முதல் பரிசு வாங்கினார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அந்தக் கப்பை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். போனால் போகட்டும், எடுத்தவன் அதில் டீ குடிக்கட்டும் என்றாராம் பாய். சுனாமியில் கிளப் கொட்டகையே போய்விட்டது. மணலில் புதைந்த வண்டிகளைத் தோண்டி எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அடுத்த மாதமே குடியரசு தினத்துக்கு ஓட்டினார்கள். அந்த நாளில் எங்கள் ஜனம் சிரித்ததே அந்த ஒரு தடவைதான்.

நான் அந்த ஆளைக் கட்டிக்கொண்டதே சைக்கிளைப் பார்த்துத்தான். தீவுத்திடல் பொருட்காட்சியில் ஹேண்டில் மேல் திரும்பி உட்கார்ந்து பின்பக்கமாய் ஓட்டிக்கொண்டே எனக்கு ஒரு கும்பிடு போட்டார். கட்டினால் இவரைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். காசிமேட்டில் ஐஸ் பார் தூக்குகிறவர். தோள் இரண்டும் கல்தூண். அதனால்தான் 'தேர்' ஓட்டும் வேலை அவருக்கு வந்தது.

தேர் என்பது எங்கள் கிளப்பின் கடைசி வித்தை. ஒரே சைக்கிளில் ஏழு பேர். ஓட்டுகிறவர் துரை. அவர் தோளில் நின்று கொடி பிடிப்பவள் என் மகள் சௌமியா. முன்சக்கரத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு பையன், ஹேண்டிலில் ஒருத்தி. பின்னால் கேரியரில் ஃப்ரெடி என்று ஒரு பெரிய பையன், அவன் தோளில் எல்லாரிலும் சின்னவள் நவ்ரீன். அந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. பெடலை நிறுத்தினால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். நின்றால் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் தரையில்தான். அதனால் ஓட்டிக்கொண்டே வட்டம் சுற்றவேண்டும், ஓட ஓட ஒவ்வொருவராய் இறங்கவேண்டும்.

போன வருஷம் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறு வியாபாரத்தை விட்டுவிட்டு எந்த மீன்காரி வேடிக்கை பார்க்கப் போவாள்? "யம்மா, நீ வரலியா?" என்று சௌமியா கேட்டாள். "நீ ஆடறத நான் பாக்காததா, போடி" என்றேன். வஞ்சிரத்துக்கு ஆள் நின்றுகொண்டிருந்தது. பச்சைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

ரோட்டின் குறுக்கே கட்டியிருந்த தோரணக் கயிற்றில் கொடிக்கம்பு மாட்டிக்கொண்டதாம். பக்கவாட்டில் சரிந்து விழுந்திருக்கிறாள், தலை தார் ரோட்டில். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது துணி போட்டு மூடியிருந்தார்கள். பன்னிரண்டு வயசு.

"அங்கியே போய்ட்டா அண்ணி. ஒரு வார்த்த பேசல. வலியே தெரிஞ்சிருக்காது" என்று நெல்சன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் சோறு தின்றேன், தூங்கினேன், கடை போட்டேன்.

கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். மகள் விழுந்த பிறகும் துரை வண்டியை நிறுத்தவில்லை, சுற்றிச் சுற்றி வந்து ஐந்து பிள்ளைகளையும் பத்திரமாய் இறக்கிவிட்டுத்தான் இறங்கினார் என்று. பேப்பரில் ஒரு மூலையில் போட்டார்கள். தெருவில் பொம்பளைகள் அவர் காலைத் தொட்டார்கள். நிறுத்தியிருந்தால் நவ்ரீன் செத்திருப்பாள், எனக்குத் தெரியாதா? அது பூப்போலப் பிள்ளை. ரம்ஜானுக்கு அவள் அம்மா கொண்டுவந்து கொடுத்த பிரியாணியை நான் தின்றேன், அந்தப் பிள்ளைக்குத் தலையும் வாரிவிட்டேன். அது என்ன பாவம் பண்ணிச்சு?

ஆனால் அந்த ஆளை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பெற்ற பெண் ரத்தத்தில் கிடக்கும்போது சிரித்த முகமாய்ப் பெடல் மிதித்திருக்கிறார். முகத்தில் சிரிப்பு மாறவேயில்லை என்று பார்த்தவர்களே பெருமையாய்ச் சொன்னார்கள். "எப்டிய்யா முடிஞ்சிது உன்னால? நீ மனுசனா?" என்று கேட்டேன். அன்றைக்குக் கேட்டேன், அடுத்த நாள் கேட்டேன், சோறு போடும்போதெல்லாம் கேட்டேன். அந்த ஆள் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றுவிட்டு எழுந்து போவார். அப்புறம் நான் பேசுவதையே விட்டுவிட்டேன். ஒரே ரூமில் இரண்டு பேர் வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்தோம். சைக்கிளை அவர் தொடவே இல்லை. கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் விழாவுக்கு வருகிறேன் என்று நெல்சனிடம் சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விழா அன்று சாயங்காலம் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"பொண்ண தின்னுட்டு சால்வ வேற கேக்குதா உனுக்கு?"

"போவணும் கெங்கா."

"போனா இந்த வூட்டுக்கு வராத."

என்னை விலக்கிக்கொண்டு போனார். நான் விடுவேனா? தலையை முடிந்துகொண்டு பின்னாலேயே போனேன். அந்தச் சால்வையை அத்தனை பேர் முன்னாலும் பிடுங்கிக் கீழே போட்டு மிதிப்பது என்று முடிவு பண்ணியிருந்தேன். என் மகள் சாவு அவர்கள் சாதனை ஆகக்கூடாது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். நல்ல கூட்டம். பாயின் படத்துக்கு மாலை. முன்வரிசையில் கிளப் பிள்ளைகள் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். சௌமியா இடத்துக்குப் புதிதாய் ஒரு பெண் வந்திருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். அதற்கும் ரெட்டைப் பின்னல்.

நெல்சன் மைக்கைப் பிடித்தான். "தேர் ஓட்றவருக்குப் பின்னால கண்ணு கெடையாதுங்க. யாரு கீறாங்க, யாரு எறங்கிட்டாங்க, ஒண்ணியும் தெரியாது. அதுக்குப் பாய் ஒரு வழி வச்சாரு. எறங்குன ஒவ்வொருத்தரும் தரையில காலு பட்டதும் 'எறங்கிட்டேன்'னு சத்தமா கொரல் குடுக்கணும். அந்தக் கொரல வச்சுத்தான் ஓட்றவரு அடுத்தவங்கள எறக்குவாரு. அப்டி ஓட்டும்போதுதான் அண்ணன் பெத்த பொண்ணு..." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "புள்ளைங்களா, நீங்கள்லாம் துரண்ணன் மாதிரி மனச கல்லாக்கிக்கணும். இன்னா நடந்தாலும் சக்கரம் நிக்கக் கூடாது."

கை தட்டினார்கள். நவ்ரீனின் அம்மா எழுந்து நின்று அழுதுகொண்டே தட்டினாள். சால்வையை எடுத்தான் நெல்சன். நான் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைப்படி வரைக்கும் போய்விட்டேன்.

அதற்குள் துரை சால்வையைக் கையால் தடுத்துவிட்டு மைக்கை வாங்கினார். அது கொய்யென்று கத்தியது. மேடையில் பேசிப் பழக்கமில்லாத ஆள்.

"எனுக்கு இது வேணாம். நெல்சன் சொன்னது பொய்யி. அவனுக்குத் தெரியாது, பாவம். நான் ஒண்ணும் மனச கல்லாக்கல."

"தோள்ல பாரம் போச்சு. இன்னாடா, பாப்பா முன்னாடியே குதிச்சிட்டாளேன்னு நெனச்சேன். ஜனம் கத்துச்சு, ஜனம் எப்பவும் கத்தும். பேண்டு வேற அடிச்சிகினு இருந்தான். அப்போ பின்னாலேந்து கொரலு வந்துச்சு. 'எறங்கிட்டேன் நைனா'ன்னு. எம் பொண்ணு கொரலு எனுக்குத் தெரியாதா? நல்லா, தெளிவா சொன்னா. சரி, காலு ஊணிட்டா, தோரணம் கீரணம் தடுக்குது போலக்கீது, மத்தவங்களையும் எறக்கிடலாம்னு சுத்துனேன். சிரிச்சிகினுதான் சுத்துனேன். அவளச் சுத்தி ஜனம் நின்னுடுச்சு, ஒண்ணியும் தெரியல. கடேசியா நவ்ரீன் எறங்குச்சு. பாப்பா எங்கன்னு சிரிச்சிகினே திரும்புனேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. நெல்சன் தோளைப் பிடித்தான், தட்டிவிட்டார்.

"தரையில கெடந்துகினு சொல்லிகீறா. தல ஒடஞ்சு கெடந்துகினு சொல்லிகீறா. எனுக்குத் தெரிஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். வண்டியப் போட்டுட்டு ஓடியிருப்பேன். யாரு புள்ள உழுந்தாலும் பாத்திருக்க மாட்டேன். நான் நல்லவன் இல்ல. இந்தப் பசங்களுக்கு என்னக் காட்டிப் பாடம் சொல்லாத, நெல்சா. அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

யாரும் கை தட்டவில்லை. நவ்ரீனின் அம்மா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துரை மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். படியில் என்னைத் தாண்டும்போதுதான் என்னைப் பார்த்தார்.

அங்கேயே போய்விட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்களே! என் பிள்ளை பேசியிருக்கிறாள். உயிரோடு கிடந்திருக்கிறாள், வலி தெரிந்திருக்கிறது. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வருஷமாய் நான் பிடித்துக்கொண்டிருந்தது அப்படியே கையைவிட்டுப் போனது.

வெளியே ஓடினேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல? பாவி, ஒரு வருசமா நாயத் திட்றா மாதிரி திட்னேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா, அவ உசுரோட கெடந்தான்னு உனுக்குத் தெரிஞ்சிடும். நீ வலி தெரியாம போய்ட்டான்னு சொல்லிச் சொல்லித்தான தூங்கிகினு இருந்த? திட்டிட்டுப் போறான்னு உட்டுட்டேன்."

நடுரோடு என்று பார்க்கவில்லை, அந்த ஆளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன் வண்டியை ஓரங்கட்டி, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனான்.

"எப்டிச் சொன்னா? அவ சொன்னா மாதிரியே சொல்லு" என்றேன்.

"எப்பவும் சொல்ற மாதிரிதான். கெத்தா."

கீழே கிடந்தவள் அம்மா என்று கத்தியிருக்கலாம், வலிக்கிறது என்று அழுதிருக்கலாம். அப்படிக் கத்தினால் நைனா வண்டியை நிறுத்திவிடுவார், ஓடி வந்துவிடுவார், மேலே இருக்கிற நவ்ரீன் விழுந்துவிடும். அதனால்தான் 'எறங்கிட்டேன்' என்று சொல்லியிருக்கிறாள். தன் அப்பன் நிறுத்திவிடுகிற ஆள்தான் என்று அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அவரோடு குடும்பம் நடத்திய எனக்குத் தெரியவில்லை.