அவறாச்சன் சொன்ன ‘மாற்றி’

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், அன்று காலை முதல் இரண்டு பேர் ஒரே வண்டியோடு இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் மெக்கானிக் ஒச்சப்பன், உசிலம்பட்டிக்காரன். உள்ளே ஏறி, துடைத்த ஸ்டியரிங்கையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தவன் டிரைவர் அவறாச்சன், சுள்ளிக்கல்காரன். ஒரே குழிக்குள் விழுந்த கீரியும் பாம்பும், மேலே ஏறுகிற வரைக்குமாவது கடித்துக்கொள்வதில்லை என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டனவாம். இவர்களுக்குள் அந்த ஒப்பந்தம்கூடக் கிடையாது.

வண்டி 1949ஆம் வருடத்துப் பிளிமத். முதலாளி விஸ்வேஸ்வரனின் தகப்பனார் வாங்கியது. பெட்ரோல் செலவு கட்டவில்லை என்று, மூன்று வருடங்களுக்கு முன்பு, எழுபத்தாறில், பழைய எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். ஏற்றியவன் ஒச்சப்பன். பூனை நடப்பதுபோல் போய்க்கொண்டிருந்த வண்டி அன்றிலிருந்து அரிசி மில்லாகக் குலுங்கத் தொடங்கியது. பன்னிரண்டு வருடமாக அதை ஓட்டிய அவறாச்சனுக்கு அன்றிலிருந்து ஒச்சப்பன் ஆகாதவன் ஆனான்.

போன வாரம் தோப்பும்படிப் பாலத்து இறக்கத்தில் பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. வண்டி, வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டியில் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பின் இருக்கையில் முதலாளியின் மனைவி சீதாலக்ஷ்மி இருந்தாள். முதலாளி இருவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்:

“பிரேக் குழாய் அத்தனையையும் புதுசா மாத்துங்கோ. வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவேன். ஏன் உடைஞ்சதுன்னு எனக்குத் தெரியணும். யார் தப்போ, அவன் அப்புறம் இந்தக் கொட்டகைப் பக்கமே வரப்படாது.”

கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில்தான் ஒச்சப்பனும் அவன் மனைவி அங்கம்மாளும் குடியிருந்தார்கள். கொட்டகை போனால் பிழைப்போடு வீடும் போயிற்று. வியாழக்கிழமையும் வந்துவிட்டது.

“எடோ பாண்டி, மூணரை மணியாயி. அடியில கெடந்து உறங்குவாணோ?” என்றான் அவறாச்சன். தமிழன் என்பதை இளக்காரமாகச் சொல்ல அவனுக்கு அந்தப் ‘பாண்டி’ போதும்.

“உறங்குறதுக்கு இதென்ன உன் வீட்டுக் கட்டிலாய்யா? வாயை மூடிக்கிட்டு மேலேயே இரு.”

“என்றெ வண்டிக்கு லாரியோட வயிறு வச்சுத் தச்சவன் நீயல்லே? பின்னெ வயிறு வலிக்காதிருக்குமோ?”

ஒச்சப்பன் அடுத்த குழாய்க்குக் கை நீட்டினான். முன் சக்கரத்துக் குழாய்கள் இரண்டையும் மாற்றி முடித்திருந்தான். புதுக் குழாயை முழங்காலில் வைத்து வளைத்து, நட்டைக் கோத்து, முனையை அச்சில் வைத்துப் பூப்போல் மலர்த்தி, இறுக்கியாகிவிட்டது. கழற்றிய பழைய குழாய்கள் உப்புக் காற்றில் துருவேறியிருந்தன. ஆனால் உடைந்துபோன பின்குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதை உடைத்தது துரு அல்ல. ஒரு பக்கம் அரத்தால் ராவியதுபோல் தேய்ந்து, பளபளத்து, நடுவில் ஊசிக்கண் அளவுக்கு ஓட்டை. எதிரே சைலன்ஸர் குழாயிலும் அதே பளபளப்பு. இரண்டும் உரசாதபடி பின்குழாயைத் தள்ளிப் பிடிக்க வேண்டிய கிளிப்பு அங்கே இல்லை. அதன் திருகாணித் துளைகள் இரண்டிலும் வெறும் சேறு.

வெளியே உருண்டு வந்தான். “யோவ் டைவரு, பின்குழாய்க் கிளிப்பு எங்கே?”

“அது அன்னே மாற்றி.”

“மாட்டலையேய்யா! ஓட்டை ரெண்டும் பல்லை இளிக்குது.”

“மாற்றின்னல்லே பறஞ்ஞது?” அவறாச்சன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்து அறையைத் திறந்து ஒரு பற்பொடி டப்பாவை எடுத்துக் குலுக்கினான். மூடியைத் திறந்தான். உள்ளே அந்தக் கிளிப்பும் இரண்டு திருகாணிகளும். “சைலன்ஸர் உள்ளே கேற எடமில்ல, கழட்டுன்னு நீதானே சொன்னது? கழட்டி, பத்திரமா எடுத்து வச்சு. மூணு வர்ஷமா இதில இருக்கு. நீ கேக்கவே இல்லல்லோ!”

ஒச்சப்பனுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கொச்சிக்கு வந்து எட்டு மாதம். புது எஞ்சின் முதன்முதலாக அலறிக்கொண்டிருந்தது. பானெட்டுக்கு மேலே நின்றபடி, “கிளிப்பு என்னாச்சு?” என்று கத்தினான். அடியிலிருந்து அவறாச்சனின் குரல் வந்தது: “மாற்றி!” மலையாளத்தான் வாயில் அந்தச் சொல்லின் ‘ற்றி’, உசிலம்பட்டிக் காதில் ‘ட்டி’ என்றே விழும். கழற்றி அப்புறப்படுத்திவிட்டேன் என்று அவன் சொன்னான்; மாட்டிவிட்டான் என்று இவன் எடுத்துக்கொண்டான். பிறகு கடைத்தெருவில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை கேட்டு அர்த்தமும் தெரிந்துகொண்டான். அந்த நாளோடு அதைச் சேர்த்துப் பார்க்க ஒருபோதும் தோன்றவில்லை.

சொன்னபடி நாலு மணிக்கு, குடையை மடக்கியபடி முதலாளி உள்ளே வந்தார். கிளிப்பு இல்லாமல் உரசித் தேய்ந்தது என்று ஒச்சப்பன் நீட்டிய குழாயைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

“வண்டியில இருக்கவேண்டிய கிளிப்பு உன் டப்பாவுல என்னடா பண்றது?”

அவறாச்சன் டப்பாவை மூடினான். “சுவாமீ, ஞான் இவன்கிட்ட அன்னே பறஞ்ஞு...”

“உங்கிட்ட என்ன சொன்னான்?” என்று ஒச்சப்பனின் பக்கம் திரும்பினார்.

மாட்டிவிட்டதாகச் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது முழுப் பொய்யும் ஆகாது. பாண்டி என்ற சொல்லும் இன்றோடு ஒழியும். ஒச்சப்பன் அவறாச்சனை ஏற இறங்கப் பார்த்தான். அந்த முகம் அவனுக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

“கழட்டிட்டேன்னுதான் சொன்னான் சாமி, அவன் பாஷையில. மாட்டியாச்சுன்னு என் காதுல விழுந்துச்சு. குனிஞ்சு பாக்காதவன் நான்.”

“அப்போ தப்பு உன்னுது.”

“ஆமாங்க.”

“சாவியை வை.”

ஒச்சப்பன் கொட்டகைச் சாவியைப் பானெட்டின் மேல் வைத்தான்.

“வண்டியை எடு அவறாச்சா.”

“எடுக்கப் பற்றில்ல சுவாமீ. பின்குழல் மாற்றணும். பின்னெ குழல்ல இருக்கிற காற்றெல்லாம் எடுக்கணும். மிதி சவுட்ட ஒராளு, சக்கரத்தில ஆணி திறக்க ஒராளு.”

“வேற மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கோ.”

“இந்த ஒட்டுவண்டியில எது எங்கேன்னு வேற எவனுக்கு அறியும்? தச்சவன் இவன். இவனெக் கண்டா எனிக்கு ஆகாது, சுவாமீ. ஆனா ஓட்டறது ஞானல்லே? எனிக்குப் பிரேக் வேணும்.”

முதலாளி குடையால் சாவியைக் காட்டினார். “அது அங்கேயே இருக்கட்டும். ஆறு மணிக்கு வருவேன். பிரேக் பிடிச்சா அவன் எடுத்துக்கட்டும். பிடிக்கலைன்னா நீ எடுத்துண்டு வா.” குடை வெளியே போயிற்று.

ஒச்சப்பன் புதுப் பின்குழாயைப் பூட்டி முடித்தான். பிறகு கிளிப்பை எடுத்து அவறாச்சன் முன்னால் போட்டான். “நீ கழட்டினதை நீயே மாட்டு.”

வெள்ளைச் சட்டையோடு அவறாச்சன் அடியில் நுழைந்தான். நெடுநேரம் முனகல் கேட்டது. பிறகு குரல் வந்தது: “மாட்டி.”

“எந்த மாட்டி?”

“நின்றெ மாட்டி, பாண்டி! நின்றெ மாட்டி!”

ஒச்சப்பன் அதை நம்பவில்லை. பக்கத்தில் படுத்து நுழைந்து, கிளிப்பை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை. அவன் வெளியே வந்த பிறகு, அவறாச்சனும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டே வந்தான்.

“ஏறி மிதி.”

“சவுட்டி.”

“பிடி. விடாதே.”

“பிடிச்சிருக்கேன், சீக்கிரம் ஆணியை அடைடா!”

ஒவ்வொரு சக்கரமாக, ஆணியில் சொருகிய ரப்பர் குழாய் வழியே குப்பியில் குமிழி வந்து, குறைந்து, நின்றது. கடைசிச் சக்கரத்தில் அவறாச்சன் மிதியை முழுப் பலத்தோடு அழுத்தினான். அது பாதி வழியில் கல்லாக நின்றது. இன்னொரு முறை அழுத்தினான். அப்போதும் கல்.

இறங்கி வந்தான். பானெட்டின் மேலிருந்த சாவியை எடுத்து ஒச்சப்பனின் நெஞ்சைப் பார்த்து எறிந்தான். அது சரியாகப் போய்ப் பட்டது. வலித்தும் இருக்க வேண்டும்.

“எடுத்தோ” என்றான், சட்டையிலிருந்த கரியைத் தட்டிவிட்டபடி.