சேதம் இல்லை என்று எழுதியவன்

1

இந்தக் கதையை நான் எழுதத் தொடங்கியது ஒரு அரசாங்கப் படிவத்தில். அது கதை என்று அப்போது எனக்குத் தெரியாது. புயல் கடந்த பதினோராம் நாள், சேதம் கணக்கெடுக்கப் போன தெருவில், ஒரு தையல்காரம்மாவின் வீட்டு எண்ணுக்கு எதிரே இரண்டே சொல் எழுதினேன்: ‘சேதம் இல்லை.’ பத்து வருடமாகப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பவன் நான். ஒரு திருத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட என் முதல் புனைவு அதுதான்.

இதை முதலில் வேறு மாதிரி ஆரம்பித்தேன். ‘கணக்கெடுப்பாளர் ஒருவர் இருந்தார். நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு வெயில்—’

அடித்துவிட்டேன். ‘ஒருவர்’ என்று போட்டு நழுவப் பார்த்திருக்கிறேன். அடுத்த முயற்சி: ‘புயல் அந்த ஊரின் மேல்—’ அதுவும் போயிற்று. புயலின் மேல் பழி போடுவது சுலபம், அது மறுத்துப் பேசாது. ஆகவே ‘நான்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

2

நடந்தது இவ்வளவுதான். நாளைக்குக் கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்று முந்தின நாளே வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் போனபோது தரை பளபளவென்று இருந்தது. முன்னறைச் சுவரில் சுண்ணாம்பு வாசனை. தையல் மெஷின் மேல் வெளுத்த துணி ஒன்று மூடியிருந்தது. தையல்காரம்மா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். சேதம் ஏதும் உண்டா என்று கேட்டேன்.

“பரவால்ல சார். எப்படியோ சமாளிச்சுட்டோம்.”

எனக்கு அன்று இன்னும் நாற்பது வீடு பாக்கி. டீயைக் குடித்தேன், இரண்டு சொல்லை எழுதினேன், எழுந்து போனேன்.

(துணியைத் தூக்கிப் பார்த்திருந்தால் துருவேறிய மெஷின் தெரிந்திருக்கும். பின்னறைக் கதவைத் திறந்திருந்தால், சாயும் சுவருக்கு ஒரு பீரோவை முட்டுக் கொடுத்திருப்பது தெரிந்திருக்கும். திறக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டால் குற்றம் சின்னதாகத் தெரிகிறது என்பதைக் கவனித்தீர்களா? நானும் கவனித்தேன்.)

மூன்று வாரம் கழித்து அவருக்குக் கடிதம் போயிற்று. சேதம் இல்லாததால் சுவருக்கும் உதவி கிடையாது, மெஷினுக்கும் கிடையாது. மெஷின் இல்லாமல் பிழைப்பு இல்லை; சுவர் இல்லாமல் வீடு இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் மிச்சம். அண்ணி ஏற்கெனவே ஒரு மூலையை ஒழித்து வைத்துவிட்டு, எத்தனை நாளைக்கு என்று கேட்டிருந்தாராம்.

3

இங்கே ஒரு வக்கீல் வருகிறார். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. நூலகத்தின் பின்னறையில், கிழிந்த நாற்காலிகளுக்கு நடுவே இலவச சட்ட உதவி என்று ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபத்தாறு வயதுப் பெண். கையில் எப்போதும் ஸ்டாப்ளர். எங்கள் ஆபீஸில் அவருக்குப் பெயரே அதுதான். கதைக்காக உண்டாக்கிய ஆள் மாதிரி இருக்கிறார் என்று நீங்கள் நினைத்தால், குற்றம் என்னுடையதல்ல.*

* இந்தப் பகுதியை அவரிடம் காட்டினேன். ‘மேசையை ஓங்கி அடித்தார்’ என்று எழுதியிருந்ததை அவர் நீக்கச் சொன்னார். மேசை நூலகத்துடையதாம்.

தையல்காரம்மா அந்தக் கடிதத்தோடு அவரிடம் போனார். விதிமுறைக் கையேட்டில் வக்கீல் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். புயல் நாளில் வீடு இருந்த நிலையைத்தான் பதிய வேண்டும். ஆள் வந்த நாளில் இருந்த நிலையை அல்ல. அந்தக் கையேடு என் மேசையிலும் இருந்தது. காகிதம் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தேன்.

விதி கிடைத்துவிட்டது, சாட்சி வேண்டுமே. போன் தண்ணீரோடு போய்விட்டதால் போட்டோ இல்லை. தண்ணீர் நின்ற அடையாளத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தாயிற்று. தைக்க வந்த துணிகளாவது இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார்.

“எல்லாத்தையும் துவைச்சு, இஸ்திரி போட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன் மேடம். ஒவ்வொண்ணுலயும் சீட்டு எழுதிக் குத்தித்தான் குடுத்தேன்.”

ஸ்டாப்ளர் நின்றது.

“என்ன சீட்டுக்கா?”

சீட்டில் இருந்தது இதுதான்: ‘வெள்ளத்தில் நனைந்துவிட்டது. துவைத்தும் கறை போகவில்லை. கூலி வேண்டாம். மன்னிக்கவும்.’ கீழே கையெழுத்து, தேதி. மொத்தம் இருபத்து மூன்று சீட்டு. எல்லாம் நான் போய் டீ குடித்ததற்கு முந்தின தேதி.

படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது.

4

மேல்முறையீட்டு விசாரணை. முதல் பிரதியில் இருபத்து மூன்று பெண்களும் கறை படிந்த ரவிக்கையோடு படியேறி வந்தார்கள், கட்டிடமே அதிர்ந்தது. நிஜத்தில் வந்தது ஐந்து பேர். ஆறாவதாக ஒரு டிரைவர், மனைவியின் ரவிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். மற்றவர்கள் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஆறு பேரே அந்தச் சின்ன அறைக்கு அதிகம்.

இரண்டாம் பிரதியில் நான் எழுந்து நின்று, தவறு என்னுடையது என்று முழங்கினேன். அப்படிச் செய்திருக்கலாம். செய்யவில்லை. நான் பார்த்தபோது வீடு சுத்தமாக இருந்தது என்று மென்று விழுங்கினேன்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, ஏன் இதையெல்லாம் அன்றைக்கே சொல்லவில்லை என்று தையல்காரம்மாவைக் கேட்டார்.

“வீட்டுக்கு ஒரு ஆள் வர்றாருன்னா சேறும் சகதியுமா வெச்சிருக்க முடியுமா சார்? விடிய விடிய முதுகு ஒடியத் தேச்சேன். அவர் கேட்டப்ப, வந்தவர்கிட்ட போய் அழுவாங்களான்னு பரவால்லன்னேன். அது மரியாதைக்குச் சொல்றது. அதையா எழுதுவாங்க?”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு உங்க வீட்டுக்கு நான் வர்றேன். என்ன பண்ணுவீங்க?”

“பெருக்கி வெப்பேன் சார்.”

அறை முழுக்கச் சிரிப்பு. டிரைவர்கூடச் சிரித்தார். நான் தோற்றது அந்த மூன்று சொல்லில்தான். சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

சுவருக்கு முழு உதவி, மெஷினுக்குப் பதில் புது மெஷின் என்று தீர்ப்பானது. அதோடு விடவில்லை. அந்தத் தெருவில் நான் ‘சேதம் இல்லை’ என்று எழுதிய முப்பத்து நான்கு வீட்டையும் நானே மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவு. ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். வக்கீல் ஒரே ஒரு காகிதத்துக்கு நான்கு ஸ்டாப்ளர் பின் அடித்தார். தையல்காரம்மா மட்டும் அசையாமல் நின்று கேட்டார்.

“இதை இப்பவே எழுத்துல தருவீங்களா சார்?”

தந்தார்கள். அவர் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினார்.

5

முப்பத்து நான்கில் முப்பத்தொரு வீட்டில் நான் எழுதியது பொய். எல்லோரும் பெருக்கி வைத்திருந்தார்கள், எல்லோரும் பரவாயில்லை என்றிருந்தார்கள். இந்த முறை கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன். தெருவில் எனக்குச் ‘சேதமில்லை சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முப்பத்தொரு வீட்டுக்கும் உதவி வந்தது. அந்தத் தெருவில் ஒரே வாரத்தில் அத்தனை கொத்தனார்களை யாரும் பார்த்ததில்லை. தையல்காரம்மாவின் அண்ணிக்கு அவருடைய மூலை திரும்பக் கிடைத்தது.

6

முடிவு ஒன்று எழுதி வைத்திருந்தேன். புது மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தையல்காரம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, பழசை மறந்துவிட்டேன், மன்னித்துவிட்டேன் என்கிறார். எனக்குக் கண் கலங்குகிறது. நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரைப் பற்றி அவரிடம் காட்டாமல் ஒருமுறை எழுதிப் பட்டதே போதும் என்று கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனேன்.

வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே கடைசிப் பக்கம் வரை படித்தார். குண்டூசிகளை எடுத்து வைத்தார்.

“மன்னிச்சுட்டேன்னு எழுதியிருக்கீங்க. நீங்க எப்ப சார் மன்னிப்புக் கேட்டீங்க?”

முன்னால் புரட்டித் தேடினேன். ஆறு பகுதியில் எங்கேயும் இல்லை. விசாரணையில் இல்லை, இரண்டாம் முறை வீட்டுக்குப் போனபோதும் இல்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன்.

“யோசிச்சுச் சொல்றேன். இப்பத் தைக்க வேண்டியது தலைக்கு மேல கெடக்கு” என்றவர் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் தைக்க ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடனே கிடைக்காது. இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும், அவ்வளவு வேலை அவருக்கு.