இருநூறு விரிப்புகள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு அன்று மூன்றாவது மாதத்தின் கடைசி நாள். நிரந்தரமாக இருக்கப்போகிறேனா, கிளம்பப்போகிறேனா என்று சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். கிளம்புவது என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

காரணம் அந்தக் கைஜாடைகள். ஆறு டிரையர் ஓடும் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும்; அதனால் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. கையை ஆட்டுவார்கள், கன்னத்தைத் தட்டுவார்கள், சிரிப்பார்கள். என் இடது காதில் காது கேட்பதற்கான மெஷின் இருக்கிறது. முடியை இழுத்துவிட்டு மறைத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார்களா, இல்லை எனக்குத்தான் சந்தேக புத்தியா? ஒன்றும் பிடிபடவில்லை.

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் குண்டக்கா. ஆள் என்னவோ ஊதினால் பறந்துவிடுவாள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்குமளவுக்கு நான் யாரோடும் ஒட்டவில்லை.

மூன்று மணிக்குக் காதைத் தொட்டால் மெஷினைக் காணோம். தூக்கிவாரிப்போட்டது. மடித்து அடுக்கிய இருநூறு விரிப்புகளில் எதற்குள்ளோ விழுந்திருக்கிறது. அரை மணியில் வார்டுக்கு வண்டி போய்விடும்.

"அக்கா, என் கம்மல் விழுந்துடுச்சு!" என்று கத்தினேன்.

இரண்டு கம்மலும் காதிலேயே தொங்குவது சொன்ன பிறகுதான் உறைத்தது. குண்டக்கா என் காதுகளைப் பார்த்தாள். மற்றவர்கள் பக்கம் திரும்பித் தன் இடது காதை இரண்டு தட்டு தட்டினாள். நான்கு பேரும் ஓடிவந்து அடுக்கைச் சரித்தார்கள். என்ன கம்மல் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியுமா? எத்தனை நாளாக?

நூற்றுச் சொச்சம் பிரித்த பிறகு, "இந்தா உன் கம்மல்" என்று மெஷினை என் கையில் வைத்தாள் குண்டக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மானம் போன மாதிரி இருந்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சூப்பர்வைசர் அம்மா வந்துவிட்டாள். "என்னடி கூத்து இது?" என்றவள் என்னிடம் திரும்பினாள். "நீ சொல்லு. இருக்கியா, போறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "இவ எங்க போறா? இவ்ளோத்தையும் யாரு திரும்ப மடிக்கிறதாம்?" என்று குண்டக்கா ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் திணித்தாள்.

என்னைக் கேட்காமல் பதில் சொல்ல இவள் யார்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது, ஏனென்று தெரியவில்லை. எதிரே அவள் விரிப்பை உதறினாள். நான் என் முனைகளை விடவில்லை.